கோபுர வாசலில் சூரியன், செம்மணி மண்ணில் பல்

ஆண்டுக்கு இரண்டு மாலைகளில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு கூட்டம் மேற்கே பார்த்தபடி நிற்கும். மார்ச் 20ஐ ஒட்டி ஒரு மாலை, செப்டம்பர் 22ஐ ஒட்டி இன்னொரு மாலை. பகலும் இரவும் சமமாகும் நாட்கள் அவை. பத்மநாபசுவாமி கோயிலின் ஏழுநிலைக் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும். மேல்நிலை வாசலுக்குள் வந்து நிற்கும், மறையும், ஐந்து நிமிடம் போல் கழித்து அடுத்த நிலையின் வாசலில் மறுபடி தோன்றும். மாடிப்படியில் யாரோ விளக்கேந்தி இறங்குவதுபோல இருக்கும்.

அந்தக் காட்சியை ஒருவர் கைப்பேசியில் எடுத்துத் தேதியில்லாமல் உங்களுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது எப்போது எடுத்த படம்? நீங்களே சொல்லிவிடலாம். இந்த நாட்களில் சூரியன் மறையும் இடம் ஒரு நாளைக்குத் தன் தட்டின் அகலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நகர்ந்துவிடும். ஆகவே வாசலின் நடுவில் சூரியன் நிற்கும் படத்துக்கு நாள் கணக்கில் மிகச் சிறிய இடைவெளியே மிஞ்சும். எந்த நிலையின் வாசல் என்று எண்ணினால் நேரம் தெரியும். கோபுரத்தின் சாய்வைப் பார்த்தால் எடுத்தவர் நின்ற இடம் தெரியும். எடுத்தவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கல்லும் சூரியனும் சொல்லிவிட்டன.

இதே கணக்கை வைத்துத்தான் இன்று போர்க்குற்றங்களை விசாரிக்கிறார்கள்.

கிழக்கேகோட்டையிலிருந்து முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளிவாய்க்கால் நேர்கோட்டில் சுமார் 430 கிலோமீட்டர். சென்னை 620 கிலோமீட்டர். அதாவது 2009 மே மாதம் இலங்கைப் போர் முடிந்த அந்தக் கடற்கரை, திருவனந்தபுரத்தில் இருக்கும் நமக்குச் சென்னையைவிடப் பக்கம். அட்சரேகையிலும் ஒரு பாகைக்குள்தான் வித்தியாசம். கிழக்கே தள்ளி இருப்பதால் அங்கே சூரியன் நமக்குப் பதினைந்து நிமிடம் முந்திக்கொள்கிறது, அவ்வளவே. இரு ஊர்க் கடிகாரங்களும் ஒரே நேரத்தையே காட்டுகின்றன. ஆனால் நிழலுக்குக் கடிகாரம் தெரியாது, சூரியனை மட்டுமே தெரியும். மே மாத நடுவில் கிழக்கேகோட்டை மேத்தன் மணிக் கடிகாரத்தின் இரண்டு ஆட்டுக்கடாக்களும் பன்னிரண்டு மணிக்கு அதிலுள்ள தாடிக்கார முகத்தின் கன்னங்களில் முட்டும்போது நமக்கு உண்மையான உச்சி வந்திருக்காது. அதற்கு 12.18 ஆகும். முள்ளிவாய்க்காலில் அது 12.03க்கே வந்துவிடும்.

அந்த நண்பகலில் அங்கே நிற்கும் ஒரு மனிதரின் நிழல் எந்தப் பக்கம் விழும்? வடக்கே என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் மே நடுவில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே விழும். நீளம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். மாலை ஆக ஆக நிழல் நீளும். ஆளின் உயரமும் நிழலின் நீளமும் சமமானால் சூரியன் 45 பாகையில் நிற்கிறது என்று பொருள். சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. ஆகவே இடம் தெரிந்து, நாளும் தெரிந்த ஒரு படத்தில் ஒரு வேலிக்கம்பத்தின் நிழலை அளந்தாலே நேரத்தைச் சில நிமிடங்களுக்குள் நெருங்கிவிடலாம். ‘அந்த நேரத்தில் எங்கள் படை அங்கே வந்தே சேரவில்லை’ என்று ஒரு தளபதி சொன்னால், வேலிக்கம்பம் அவரை மறுத்துப் பேசும். இதை நிழற்காலக் கணிப்பு எனலாம். படத்தில் தெரியும் மலைமுகடு, நீர்த்தொட்டி, வளைவுச் சாலை ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி இடத்தைக் கண்டுபிடிப்பது புவியிடமறிதல். லிபியாவில் கைதிகளைச் சுட்டுக்கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒரு தளபதிக்கு எதிராக 2017இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தபோது, அதன் அடித்தளமாக இருந்தவை சமூக ஊடகத்தில் பரவிய வீடியோக்கள்.

ஆனால் வீடியோவே போலி என்றால்?

2009 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒரு காட்சியை ஒளிபரப்பியது. ஆடை களையப்பட்டு, கைகள் பின்னால் கட்டப்பட்ட மனிதர்களைச் சீருடை அணிந்தவர்கள் பின்னாலிருந்து சுடுகிறார்கள். இலங்கை அரசு தன் நிபுணர்களை வைத்து ஆராய்ந்து, இது ஜோடிக்கப்பட்டது என்றது. சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று பேரிடம் அதைக் கொடுத்தார். துப்பாக்கி வல்லுநர் பீட்டர் டயசுக், சட்ட மருத்துவர் டேனியல் ஸ்பிட்ஸ், வீடியோ ஆய்வாளர் ஜெஃப் ஸ்பைவாக். ஒரே காட்சியை மூன்று அறிவியல்கள் மூன்று கோணத்தில் துருவின.

துப்பாக்கி வல்லுநர் பார்த்தது துப்பாக்கியின் உதைப்பை. வள்ளத்திலிருந்து கரைக்குத் தாவியவர்களுக்கு இது தெரியும். நாம் முன்னே போக, வள்ளம் பின்னே நழுவும். எட்டு கிராம் குண்டு நொடிக்கு 700 மீட்டர் வேகத்தில் முன்னே பாய்ந்தால், நான்கு கிலோ துப்பாக்கி நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் பின்னே வந்தாக வேண்டும். சினிமாவில் பயன்படுத்தும் வெற்றுத் தோட்டாவில் குண்டு கிடையாது. சத்தம் வரும், நெருப்பும் வரும், அந்த அளவு உதைப்பு வராது. நடிகர் தோளைக் குலுக்கலாம். ஆனால் துப்பாக்கி, தோள், குழல்வாயில் கிளம்பும் வாயு ஆகிய மூன்றையும் நொடியின் சிறு பின்னத்துக்குள் ஒத்திசைத்து நடிக்க முடியாது. அந்த அசைவுகள் உண்மையான தோட்டாவோடுதான் பொருந்துகின்றன என்றார் டயசுக். மிக அருகில் சுடப்பட்ட இருவரின் உடல் எதிர்வினைகள் மெய்யானவையாகத் தோன்றுகின்றன என்றார் ஸ்பிட்ஸ். வெட்டியதற்கோ ஒட்டியதற்கோ, மேலே இன்னொரு படலம் சேர்த்ததற்கோ தடயமில்லை என்றார் ஸ்பைவாக்.

என்னை மிகவும் கவர்ந்தது அதற்கடுத்த பகுதி. விளங்காதவற்றையும் ஆல்ஸ்டன் தன் அறிக்கையில் எழுதிவைத்தார். கோப்புக்குள் பதிந்திருந்த தேதி 2009 ஜூலை 17. போர் முடிந்து இரண்டு மாதம் கழித்து வரும் தேதி! கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 17 சட்டகங்களுக்கும் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. இவற்றை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான், மொத்தத்தில் இது மெய்க்காட்சி என்ற முடிவுக்கு 2010 ஜனவரியில் வந்தார். 2011இல் இதன் நீண்ட வடிவம் வெளியானபோது, அவருக்குப் பின் வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸும் அதே முடிவுக்கு வந்தார். சந்தேகத்தையும் சேர்த்து எழுதும் அறிக்கையைத்தான் நான் நம்புவேன். எல்லாமே பொருந்துகிறது என்று சொல்லும் அறிக்கை என்னை யோசிக்க வைக்கும்.

படக்கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இந்தத் தேதி, கேமரா வகை போன்ற குறிப்புகளை உள்தரவு என்போம். ஒரு கடிதத்தின் உறைமேல் விழும் தபால் முத்திரை போன்றது அது. விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் 2013இல் வெளிவந்தன. ஒன்றில் அவன் உயிரோடு ஒரு பதுங்குகுழியில் உட்கார்ந்து ஏதோ தின்கிறான். இன்னொன்றில் மார்பில் குண்டுத் துளைகளோடு கிடக்கிறான். உள்தரவின்படி இரண்டும் ஒரே கேமராவில், சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்று அவற்றை வெளியிட்ட ஆவணப்படக் குழு சொன்னது. பிரிட்டனின் சட்ட மருத்துவப் பேராசிரியர் டெரிக் பவுண்டர் ஒரு காயத்தைச் சுற்றித் தோலில் பரவியிருந்த சிறு புள்ளிகளைக் கவனித்தார். குண்டோடு சேர்ந்து எரியாத வெடிமருந்துத் துகள்களும் குழலிலிருந்து பறக்கும். அவை இலேசானவை, தூரம் போகாது. தோலில் பச்சை குத்தியதுபோல் அவை பதிந்திருந்தால், குழல்வாய் இரண்டு மூன்று அடி தூரத்துக்குள் இருந்தது என்று அர்த்தம். சிறுவனைக் கைதியாகப் பிடித்துச் சுட்டார்கள் என்பதை இலங்கை ராணுவம் மறுத்தது. கையெட்டும் தூரத்தில் நின்று ஒருவர் சுட்டார் என்பதைத் தோல் சொல்கிறது.

இத்தகைய கோப்பு நீதிமன்றம் போய்ச் சேரும்வரை யாரும் கைவைக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? இதற்கு ஓர் அழகான கணித வித்தை உண்டு. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதை ஒரு சூத்திரத்துக்குள் போட்டால், 64 எழுத்து நீளத்தில் ஒரு குறியீடு வரும். கோப்பின் விரல்ரேகை என்று அதைச் சொல்லலாம். இரண்டு மணிநேர வீடியோவில் ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை இம்மி அளவு மாற்றினாலும் அந்தக் குறியீடு அடியோடு மாறிவிடும். சாத்தியமான குறியீடுகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்ட எண், ஆகவே தற்செயலாக இரண்டு கோப்புகளுக்கு ஒரே ரேகை அமைய வழியில்லை. கைப்பற்றிய வட்டுகளை இம்முறையில் சரிபார்த்து ஆராயும் ‘சைபர்செக்’ என்ற மென்பொருளை உருவாக்கியது இதே திருவனந்தபுரத்தின் சி-டாக் நிறுவனம். வெள்ளயம்பலத்தில்தான் இருக்கிறது அதன் கட்டடம்.

இனி மேலே போவோம். 1963 நவம்பர் 21 அன்று தும்பா மீனவர் கிராமத்திலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதிலிருந்து இந்த நகரத்துக்கு வானம் அந்நியமில்லை. 2009இல் வணிகச் செயற்கைக்கோள்கள் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அரை மீட்டர் அகலப் பொருளை ஒரு புள்ளியாகப் பதியும் திறன் பெற்றிருந்தன. சாலைக் கம்போளத்தில் நிற்கும் ஓர் ஆட்டோ ஐந்து புள்ளி நீளத்துக்குத் தெரியும். மனிதர் தெரிய மாட்டார். ஆனால் ஒரு மனிதரைப் புதைத்த மேடு நான்கு புள்ளி நீளத்துக்குத் தெரியும். உயிரோடு இருந்தவரைப் பார்க்க முடியாத கண்ணுக்கு அவருடைய கல்லறை தெரிகிறது.

அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் முள்ளிவாய்க்கால் பகுதியின் 2009 மே 6, மே 10 ஆகிய இரு நாட்களின் படங்களை அருகருகே வைத்தது. இடையில் நான்கே நாட்கள். முதல் படத்தில் நெருக்கமாக இருந்த கூடாரங்கள் பெருமளவு இரண்டாவதில் இல்லை. புதிதாகக் குண்டுக் குழிகள் தெரிந்தன. மூன்று இடங்களில் வரிசையாக அமைந்த மேடுகளை எண்ணினார்கள். 1,346.

குழிகளும் பேசும். குவளைத் தண்ணீரைத் தரையில் சாய்வாக வீசிப் பாருங்கள். ஈரம் ஒரு விசிறிபோல் விரியும், அதன் வடிவத்தை வைத்தே வீசிய திசையைச் சொல்லிவிடலாம். சாய்வாக வந்து விழும் ஷெல்லும் மண்ணை அப்படியே தெறிக்கவிடுகிறது. பல குழிகளின் திசைகளைப் பின்னோக்கி நீட்டினால் கோடுகள் பீரங்கி நின்ற இடத்தில் போய்ச் சேரும். பீரங்கி நிலைகளையும் மேலிருந்து பார்க்கலாம். குழல்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதும் தெரியும். ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, மக்களைப் போகச்சொல்லி அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களை நோக்கி ராணுவப் பீரங்கிகள் தொடர்ந்து திருப்பப்பட்டதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து சுட்டிக்காட்டியது. மே மாதத்தில் அந்த வலயம் சுமார் இரண்டு சதுர கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது. கிழக்கேகோட்டையிலிருந்து பாளையம் வரை நீளம், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அகலம். அதற்குள் பல்லாயிரம் பேர். அதே குழு புலிகள் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளை வைத்தது. மக்களைக் கேடயமாகப் பிடித்துவைத்தார்கள், தப்பி ஓட முயன்றவர்களைச் சுட்டார்கள், சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றும் அது சொன்னது. எண்ணிக்கை இன்றும் ஒரு வரம்பாகவே இருக்கிறது. ஓர் ஊர்ப் பஞ்சாயத்தில் தென்னைமரம் எத்தனை என்று கேட்டால் இதைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

நம் நாட்டின் பங்கையும் விட்டுவிட முடியாது. 1987 அக்டோபரில், தீபாவளி நாளில், யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றது என்ற குற்றச்சாட்டு இன்னும் இருக்கிறது. அன்று அங்கே இத்தகைய கூர்மையான செயற்கைக்கோள் படமும் இல்லை, கைப்பேசியும் இல்லை. உயிர்தப்பியவர்களின் நினைவு மட்டுமே சாட்சி.

இப்போது மண்ணுக்குள் இறங்குவோம். யாழ்ப்பாண நகரத்தின் நுழைவாயிலில் செம்மணி. பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி 1996இல் கொல்லப்பட்ட வழக்கில் மரணதண்டனை பெற்ற ராணுவத்தினரில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, 1998இல் நீதிமன்றத்திலேயே ஒன்றைச் சொன்னார். அந்த வெளியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்றார். 1999இல் தோண்டினார்கள். 15 உடல்கள் கிடைத்தன. பிறகு கால் நூற்றாண்டு அமைதி. 2025 பிப்ரவரியில் அதே பகுதியில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமான வேலை நடந்தபோது எலும்புகள் வெளிப்பட்டன. தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் அகழ்வு தொடங்கியது. செப்டம்பர் தொடக்கத்துக்குள் அடையாளம் காணப்பட்ட எலும்புக்கூடுகள் 240. கூடவே ஒரு குழந்தையின் பால்போத்தல், பொம்மை, வளையல்கள், ஒரு நீலநிறப் பள்ளிப்பை.

அடுத்து எங்கே தோண்டுவது? இதற்குத் தரைஊடுருவு ரேடார் என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். தள்ளுவண்டிபோல் உருட்டிப்போகும் பெட்டி அது. மண்ணுக்குள் வானொலி அலையை அனுப்பும். ஒருமுறை வெட்டி மூடிய மண்ணின் அடுக்குகள் பழையபடி சேர்வதே இல்லை. கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு போல அவை குலைந்தே கிடக்கும், அங்கே அலை வேறுமாதிரி எதிரொலிக்கும். ஆனால் உப்பும் ஈரமும் சேர்ந்த மண் அலைகளை விழுங்கிவிடும். செம்மணியோ உப்புநீர் ஏரியை ஒட்டிய வெளி. ஆகவே பழைய வான்படங்களில் மண்ணின் நிறமாற்றம், புல்லின் அடர்த்தி ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கலைந்த மண்ணில் செடி வேறுவிதமாக வளரும்.

எலும்பு வெளிவந்ததும் தடய மானிடவியல் தொடங்குகிறது. எலும்பை வாசித்து ஆளைச் சொல்லும் கலை அது. இடுப்பெலும்பின் அகலம் ஆணா பெண்ணா என்று சொல்லும். தொடையெலும்பு உயரத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகம், ஆகவே அதை அளந்தால் ஆளின் உயரம் வரும். குழந்தைகளின் எலும்பு முனைகள் ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும், வயது ஏற ஏற ஒவ்வொன்றாக இணையும். கழுத்தடியிலுள்ள காறையெலும்பின் உள்முனைதான் கடைசியில் இணைவது, அதற்கு இருபதுகளின் பிற்பகுதி ஆகிவிடும். மண்டையோட்டில் குண்டு நுழையும்போது துளை வெளிப்பக்கம் சிறிதாகவும் உள்பக்கம் அகலமாகவும் அமையும், ஒரு புனலைப்போல. வெளியேறும் இடத்தில் புனல் திரும்பியிருக்கும். பின்மண்டையில் உள்நோக்கி விரியும் புனல் இருந்தால் அந்த மனிதர் பின்னாலிருந்து சுடப்பட்டார். சுட்டவன் மறந்திருப்பான், எலும்பு மறக்காது.

ஒரு புதைகுழியைக் கலைத்தால் தடயம் போய்விடும் என்று நினைத்தவர்களும் உண்டு. 1995இல் பொஸ்னியாவின் சிரெபிரெனிட்சாவில் சுமார் 8,000 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றவர்கள், சில வாரங்கள் கழித்துப் புல்டோசரால் குழிகளைக் கிளறி உடல்களை வேறு இடங்களுக்கு அள்ளிச்சென்று புதைத்தார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறின. ஆனால் கொஸ்லுக் என்ற இடத்துக் குழி, ஒரு பாட்டில் நிறுவனம் உடைந்த கண்ணாடியைக் கொட்டும் இடத்தில் இருந்தது. அள்ளிய மண்ணோடு பச்சைக் கண்ணாடித் துண்டுகளும் பாட்டில் ஒட்டுத்தாள்களும் கூடவே பயணம் செய்தன. தொலைவில் ஒரு மலைச்சாலை ஓரக் குழியில் அதே கண்ணாடி, அதே ஒட்டுத்தாள்! மகரந்தமும் மண்ணும்கூட எந்தக் குழி எந்தக் குழியின் மிச்சம் என்று காட்டிக்கொடுத்தன. குற்றத்தை மறைக்கச் செய்த வேலையே இரண்டாவது சாட்சியாக நின்றது.

எலும்பின் வயது என்ன என்பதுதான் அடுத்த சண்டை. மன்னார் நகரில் 2018இல் 300க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. மாதிரிகள் அமெரிக்காவின் ஓர் ஆய்வகத்துக்குப் போய், பல நூற்றாண்டுப் பழமையானவை என்ற முடிவு 2019 மார்ச்சில் வந்தது. காத்திருந்த குடும்பங்கள் நொறுங்கிப்போயின. அகழ்வில் கிடைத்த மற்றப் பொருட்களோடு அந்த முடிவு பொருந்துகிறதா என்ற விவாதமும் எழுந்தது. பழைய எலும்பா புதிய எலும்பா என்பதைக் கரிமம்-14 எப்படிச் சொல்கிறது?

இதில்தான் எனக்குத் தெரிந்த அறிவியலிலேயே மிக விநோதமான திருப்பம் இருக்கிறது. காற்றிலுள்ள கரியமிலவாயுவில் சிறிதளவு கதிரியக்கக் கரிமம் கலந்திருக்கிறது. செடி அதை உறிஞ்சும், நாம் செடியைத் தின்போம். இறந்தபின் அது மெல்லத் தேயும், பாதியாக 5,730 ஆண்டுகள். இவ்வளவு மெதுவான கடிகாரத்தால் 1996ஐயும் 2009ஐயும் பிரிக்கவே முடியாது. ஆனால் 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. காற்றிலிருந்த கரிமம்-14 கிட்டத்தட்ட இரட்டிப்பானது. இத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பின் கடலும் காடும் அதை உறிஞ்ச, ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. ஆக ஒவ்வொரு ஆண்டின் காற்றுக்கும் தனக்கென்று ஓர் அளவு உண்டு. பல்லின் மேற்பூச்சு குழந்தைப் பருவத்தில் ஒருமுறை உருவானபின் மாறுவதில்லை. அந்த ஆண்டின் காற்று அதில் பூட்டப்பட்டுவிடுகிறது. பல்லை அளந்து பிறந்த ஆண்டை ஒன்றரை ஆண்டுப் பிழைக்குள் சொல்லலாம் என்று 2005இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நேவாடாவிலும் கசகஸ்தானிலும் வெடித்த குண்டுகளின் முத்திரை உங்கள் பல்லிலும் என் பல்லிலும் இருக்கிறது. செம்மணிக் குழந்தையின் பல்லிலும் அதன் எச்சம் இருக்கும்.

வயது தெரிந்தது, காயம் தெரிந்தது, ஆண்டு தெரிந்தது. பெயர்?

பெயருக்கு மரபணு வேண்டும். பிள்ளையின் மரபணுவில் சரிபாதி தாயுடையது, சரிபாதி தந்தையுடையது. மரபணுவின் இருபது இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறுதொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணுவார்கள். பெற்றோர் இருவரின் ரத்தமும் கிடைத்தால் ஒவ்வோர் இடத்திலும் ஒன்று அம்மாவோடும் மற்றது அப்பாவோடும் பொருந்தியாக வேண்டும். இருபதும் பொருந்தினால் சந்தேகத்துக்கு இடமில்லை. இது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் கரை ஒதுங்கிய, முகம் அழிந்த உடல்களுக்கான மரபணுச் சோதனை கிழக்கேகோட்டைக்கு அருகிலுள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் நடந்தது. மீனவக் குடும்பங்கள் ரத்தம் கொடுத்தன, உடல்கள் பெயரோடு வீடு போய்ச் சேர்ந்தன. பொஸ்னியாவிலும் உறவினர்களின் ரத்தத்தைத் திரட்டித்தான் சிரெபிரெனிட்சாவில் இறந்தவர்களில் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பெற்றோர் இல்லாவிட்டால்? உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதியைப் பகிர்வார்கள், ஆனால் எந்தப் பாதி என்பது குலுக்கலில் விழுவது. ஒரு தம்பியை வைத்து ஓரளவு சொல்லலாம், மூன்று பேர் இருந்தால் நன்றாகச் சொல்லலாம். ஒன்றுவிட்ட சகோதரருக்கு எட்டில் ஒரு பங்குதான். நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகளுக்கு நடுவே அந்தக் குரல் கேட்காமலே போய்விடும். தாய்தந்தையரின் ரத்தத்துக்கு நிகரான மாற்று எளிதில் கிடையாது.

பொறுப்புக்கூறல் என்ற சொல் இலங்கைத் தமிழர் வாயில் அன்றாடச் சொல்லாகிவிட்டது. அதன் நீதிமன்றப் பக்கம் இருண்டே கிடக்கிறது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்றதற்காக ஒரு ராணுவச் சார்ஜன்டுக்கு 2015இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2020இல் அன்றைய ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் இலங்கை உறுப்பினர் அல்ல, இந்தியாவும் அல்ல. 2021இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஒரு புது வழியைத் திறந்தது. நீதிமன்றம் எப்போது கிடைக்குமோ கிடைக்கட்டும், சாட்சியங்களை இப்போதே திரட்டிப் பாதுகாத்துவைப்போம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் ஒரு தனிக் குழு அமைய வழிசெய்தது. வேறு நாட்டில் நடந்த கொடுமைக்குத் தங்கள் நாட்டிலேயே விசாரணை நடத்தும் சட்டம் ஜெர்மனி போன்ற நாடுகளில் உண்டு. சிரிய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவருக்கு 2022இல் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சிரியச் சிறைகளில் கொல்லப்பட்டவர்களின், ரகசியமாகக் கடத்திக் கொண்டுவரப்பட்ட படங்களைச் சட்ட மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து அந்த வழக்கில் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியம் சாத்தியமானது, ஒருவர் கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான்.

ஆகவே காலத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நிழற்கணக்கு நூறு ஆண்டு கழித்தும் அதே விடையைத் தரும். கோப்பின் விரல்ரேகை மாறாது. செயற்கைக்கோள் படங்கள் சேமிப்பில் இருக்கின்றன. பல் பல்லாயிரம் ஆண்டு தாங்கும். இந்தச் சங்கிலியில் வயதாகிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான், தாய்தந்தையரின் உடம்பு. 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள், பெரும்பாலும் தாய்மார், தெருவோரத்தில் படங்களை ஏந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்த பெற்றோர் பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள். ஒருவர் இறக்கும்போது ஒரு சாட்சி மட்டுமா போகிறது? மண்ணுக்குள் கிடக்கும் ஓர் எலும்புக்கூட்டின் பெயரைத் திறக்கும் சாவியும் கூடவே எரிந்துபோகிறது.

அதைக் காப்பாற்ற ஆய்வகம் கட்ட வேண்டியதில்லை. விரல்நுனியில் ஒரு குத்து, தடித்த காகித அட்டையில் சில சொட்டு ரத்தம், நிழலில் உலரவைத்தால் போதும். குளிர்பெட்டி வேண்டாம், ஓர் அஞ்சல் உறைக்குள் அடங்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது. அது யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் அந்தத் தாய்மார்களின் அச்சம் நியாயமானது. பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போனவர்களிடமே ரத்தத்தையும் கொடுக்கச் சொல்ல முடியாது. அரசுக்கு வெளியே, குடும்பங்கள் நம்பும் ஒரு பன்னாட்டு அமைப்பின் பொறுப்பில், எதற்குப் பயன்படுத்தலாம் எதற்குக் கூடாது என்று எழுதிவைத்து அதைச் செய்ய வேண்டும். சென்னையிலும் திருச்சியிலும் டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்களும் தரலாம்.

உங்கள் சொந்தத்திலோ பழக்கத்திலோ, போர் நடந்த வன்னியில் பிள்ளையைத் தொலைத்த ஒரு முதிய தாய் இருந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். விசாரணை வரும்வரை காத்திருக்காமல் அந்தச் சில சொட்டு ரத்தத்தை இந்த ஆண்டே எடுத்துவைக்க வேண்டும்.